அடுக்கும் பெருக்கமும்

மக்களுக்கு இரு கண்கள் உண்டென்று கூறவந்த வள்ளுவர், எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னுமாக வைத்தார். தமிழாசிரியராகிய யாம் எழுத்தையே தொழிலாகக் கொண்டோம். எண்ணைக் கணிதத் துறையினர்க்கு ஒதுக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடியவாறே வழி நடப்பதில் குறையேதுமில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர். தமிழ்த்துறை மலரில் கணக்கைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று வினவுவோரும் இருத்தல் கூடும்.

அவர்கட்கு யாம் கூறும் விடை எளியது. கணிதத்தில் அடுக்கு எனப்படும் ஒரு கருத்து நம் யாப்பிலக்கணத்துள் இருக்கிறது. பாட்டனார் காலத்து எண்சுவடியுள் இருக்கிறது. பாக்தாது நகரத்து அறிஞர்தம் ஏடுகளுள் இருக்கிறது. பெருந்துறைக் கடைத்தெருவில் எழுதப்பெறும் கடன் சீட்டிலும் இருக்கிறது. முதல் மூன்றையும் அறியாதார்க்கு இழப்பு அறிவளவில் நின்றுவிடும். நான்காவதை அறியாதார் சிலர் மாட்டையும் நகையையும் இழந்ததை யாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இப்பொருள் குறித்து எம் மாணவச் செல்வங்களோடு சிறிது உரையாட விழைகிறோம்.

அடுக்கு என்னும் சொல்

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் அது பெருக்கல். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் அது அடுக்கு. இரண்டை மூன்று முறை கூட்டினால் 6. இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8. பின்னதை 2³ என்று எழுதுகிறோம். கீழே நிற்கும் 2 அடிமானம். அதன் தோளில் சிறிதாய் அமர்ந்திருக்கும் 3 அடுக்கு. அவ்வாறு சிற்றெண்ணை மேலே ஏற்றி எழுதும் வழக்கம் 1637-இல் வெளிவந்த தெக்கார்த்தின் வடிவியல் நூலால் நிலைபெற்றது.

பள்ளிப் பிள்ளைகள் 2³ என்பதை 6 என்று எழுதுவது எங்கும் காணக்கூடிய பிழை. தோளில் அமர்ந்த எண்ணைப் பெருக்கும் எண்ணாகக் கொள்வதே அதற்குக் காரணம். மேலே நிற்கும் எண் அளவைக் குறிப்பதன்று. எத்தனை முறை என்பதைக் குறிப்பது. சிறிய எண்களில் இவ்வேறுபாடு சிறிதாகவே தோன்றும். 2×10 என்பது 20; 2¹⁰ என்பது 1,024. 2×20 என்பது 40. 2²⁰ என்பது 10,48,576. முன்னது படிக்கட்டில் ஏறுவோன் நடை. பின்னது ஒவ்வோர் அடியிலும் படியின் உயரமே இரட்டிக்கும் ஏற்றம்.

தமிழ்க் கணித நூலோர் இதற்கு அடுக்கு என்று பெயரிட்டது மிகப் பொருத்தமானது. நம் வீட்டு அடுக்களையில் பானைமேல் பானை வைப்பது அடுக்கு. இலக்கணத்தில் ஒரு சொல் பொருள் கருதியோ இசை கருதியோ இருமுறையும் மும்முறையும் வருவது அடுக்குத்தொடர். பாம்பைக் கண்டவன் பாம்பு பாம்பு என்று கூவும்போது பாம்பு ஒன்றுதான். அச்சம் அடுக்கி வருகிறது. நன்னூலார் இவ்வடுக்குக்கு வரம்பும் கட்டினார். இசை நிறைக்கும் இடத்துங்கூட ஒரு சொல் நான்கிற்கு மேல் அடுக்கலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. அடுக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் இக்கருத்தை மாணவர்கள் மனத்திற் கொள்க. பின்னர் இதற்குத் தேவை வரும்.

சீர்களின் கணக்கு

யாப்பு பயின்ற மாணவர்கள் அனைவரும் அடுக்குக் கணக்கை அறிந்தே இருக்கின்றனர். அறிந்திருக்கிறோம் என்பதை அறியாதிருக்கின்றனர், அவ்வளவே.

அசை இரண்டே: நேர், நிரை. அசை ஒன்றே சீராகி நிற்குமாயின் நாள், மலர் என இரண்டு சீர்கள் கிடைக்கும். இரண்டு அசைகள் சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூன்று அசைகள் சேர்ந்தால் அந்நான்கின் இறுதியில் காய் வந்து நான்கும், கனி வந்து நான்குமாக எட்டு. நான்கு அசைகள் சேர்ந்தால் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்னும் நான்கும் அந்த ஈரசை நான்கோடு உறழ்ந்து பதினாறு. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு: இவை 2¹, 2², 2³, 2⁴ அன்றி வேறென்ன? நான்கையும் கூட்டினால் 30. சீர் முப்பது என்று நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எண் இதுவே. 2⁵ ஆகிய 32-இலிருந்து 2-ஐக் கழித்தாலும் அதே 30 வரும்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வாய்ப்புகள் உளவாயின், இடங்கள் எத்தனையோ அத்தனை முறை இரண்டைப் பெருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். அடுக்கின் பயன் எண்ணுவதில் தொடங்குகிறது. எண்ணி எண்ணிச் சலிக்காமல், எண்ணாமலே எண்ணிக்கையை அறியும் வழி அது.

வடமொழி யாப்பு நூலாசிரியரான பிங்கலர் இதனினும் ஒரு படி மேலே சென்றார். குறிலும் நெடிலுமாகிய அசைகள் வரும் அடியில் எத்தனை வகை அமைப்புகள் இயலும் என்று காண அவர் ஒரு குறுக்கு வழி வகுத்தார். அசைகள் பத்து என்று கொள்வோம். இரண்டைப் பத்து முறை பெருக்க வேண்டுவதில்லை. பத்து இரட்டை எண். அதைப் பாதியாக்கினால் 5. ஐந்து ஒற்றை எண்; ஒன்றைக் கழித்தால் 4. அதில் பாதி 2. அதில் பாதி 1. ஒன்றைக் கழித்தால் சுழியம். இனி வந்த வழியே திரும்புவோம். ஒன்றில் தொடங்கி, கழித்த இடத்தில் இரட்டிப்போம்; பாதியாக்கிய இடத்தில் தன்னைத் தன்னாலேயே பெருக்குவோம். 1 என்பது 2 ஆகும். 2 என்பது 4. 4 என்பது 16. 16 என்பது 32. 32-ஐ 32-ஆல் பெருக்க 1,024. ஐந்தே செயலில் விடை வந்துவிட்டது. அடுக்கு நூறு இலக்கங் கொண்ட எண்ணாயினும் இவ்வழி தளராது.

கைப்பேசி வழியே செய்திகளையும் பணத்தையும் அனுப்பும்போது பிறர் கண்ணிற்படாமல் காக்கும் மறையீட்டு முறைகள் சிலவற்றில், பெரும் எண்களைப் பெரும் அடுக்குகளுக்கு உயர்த்தும் வேலை நடைபெறுகிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் வகுத்த முறை அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே கணிப்பொறி கையாள்வதும் இந்தப் பாதியாக்கி வர்க்கப்படுத்தும் உத்தியையே. பாட்டின் அடியை அளக்கப் பிறந்த கணக்கு, பணத்தைக் காக்கப் பயன்படுகிறது. தமிழ் பயில்வோர் கணக்கைக் கண்டு ஒதுங்கவேண்டிய காரணம் எதுவும் இல்லை என்பதற்கு இஃதொன்றே போதும்.

கீழ்வாய் இலக்கம்

அடுக்கு மேல்நோக்கி மட்டும் செல்வதன்று. 8, 4, 2 என்று இரண்டால் வகுத்துக்கொண்டே இறங்கினால் அடுத்து வருவது 1. அடுக்கோ 3, 2, 1 என இறங்கி அடுத்துச் சுழியத்தில் நிற்கிறது. ஆகவே 2⁰ என்பது 1. சுழியம் முறை பெருக்கினால் சுழியந்தானே வரவேண்டும் என்று மாணவர் மலைப்பர். படிப்படியாக இறங்கி வந்து பார்த்தால் மலைப்பு நீங்கும். அதற்கும் கீழே இறங்கினால் அரை, கால், அரைக்கால். அவற்றின் அடுக்குகள் −1, −2, −3.

இந்த இறங்கு படிகளுக்கு உலகில் தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய மொழிகளுள் தமிழ் ஒன்று. ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றில் தொடங்கி அறுபத்துநான்கில் ஒரு பங்கு வரை இரண்டின் அடுக்குகள் வரிசையாக இறங்குகின்றன. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கம் என்று ஓதியவை இத்தகைய பின்னங்களே. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. மாவையும் காணியையும் கூட்டினால் பதினாறில் ஒன்றாகிய மாகாணி. அரைக்காணியில் பாதி முந்திரி. அதாவது 320-இல் ஒரு பங்கு.

முந்திரிக்கும் கீழே செல்லவேண்டின் என் செய்வது? புதுப் பெயர்களைத் தேடி அலையாமல், கீழ் என்னும் ஒரு சொல்லை முன்னே ஒட்டினார்கள் நம் முன்னோர். கீழ் என்றால் 320-இல் ஒரு பங்கு என்று பொருள். கீழ்க்கால் என்பது காலில் 320-இல் ஒன்று. அதாவது 1,280-இல் ஒன்று. கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320-இல் ஒன்று. 320-ஐ 320-ஆல் பெருக்க 1,02,400. அதில் ஒரு பங்கு. இன்றைய குறியீட்டில் அது 320⁻². ஒரு முன்னொட்டு ஓர் எதிர் அடுக்கின் வேலையைச் செய்திருக்கிறது. நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் இந்த நுட்பத்தோடு பங்கிட்டவர்கள் நம் ஊர்க் கணக்கர்கள்.

பாக்தாதின் ஏடுகள்

அரபு மொழியில் கணிதம் வளர்த்த அறிஞர்கள் அறியா எண்ணின் வர்க்கத்தை மால் என்றனர். மால் என்றால் செல்வம். கனத்தைக் கஅப் என்றனர். கஅப் என்றால் கனசதுரம். நான்காம் அடுக்கு மால் மால். ஐந்தாம் அடுக்கு மால் கஅப். ஆறாம் அடுக்கு கஅப் கஅப். இப்பெயர்களில் ஓர் இலக்கணம் ஒளிந்திருப்பதைக் காண்க. மால் இரண்டு, கஅப் மூன்று. இரண்டும் சேர்ந்தால் ஐந்து. ஒரே அடிமானமுடைய இரண்டைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டவேண்டும் என்னும் விதி அப்பெயர்களிலேயே பேசுகிறது. பெருக்கல் என்னும் கடிய வேலையைக் கூட்டல் என்னும் எளிய வேலையாக மாற்றித் தருவதே அடுக்கின் பேருதவி. 1614-இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை அட்டவணை இதே உதவியின் விரிவுதான்.

பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அல்கரஜீ இவ்வடுக்குகளை எல்லையின்றி நீட்டினார். அவர் வழிவந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் தோன்றிய அஸ்ஸமவ்அல், அல்பாஹிர் என்னும் தம் நூலில் அடுக்குகளை ஓர் அட்டவணையாக வரைந்தார். நடுவில் ஒன்று, ஒருபுறம் ஏறும் அடுக்குகள், மறுபுறம் இறங்கும் பின்னங்கள். எத்தனை கட்டம் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று எண்ணிப் பெருக்கலையும் வகுத்தலையும் அவர் செய்து காட்டினார்.

அல்பீரூனியோ சதுரங்கக் கட்டக் கணக்கை எடுத்துக்கொண்டார். முதற் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்து வைத்தால் மொத்தம் எவ்வளவு? அவர் கண்ட விடை 1,84,46,74,40,73,70,95,51,615. ஒரு கிராமுக்கு நாற்பது அரிசி என்று கொண்டால் இது ஏறத்தாழ 46,000 கோடி டன் அரிசி. உலகம் முழுவதும் இக்காலத்தில் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன் அளவினது. அக்கணக்கில் இது தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சலுக்கும் மேல். ஒரு மணி அரிசியில் தொடங்கிய வேண்டுகோளுக்கு அரசனின் களஞ்சியமும் போதாது என்னும் கதையை நாம் சிரித்துக் கேட்டுவிடுகிறோம். அந்த அரசனின் நிலையில் ஒரு குடியானவர் நின்றால் சிரிப்பு வருமா?

சீட்டும் வட்டியும்

1980-களின் நடுவில் யாம் பெருந்துறையில் பள்ளி மாணவராயிருந்தோம். எம் அத்தா சிறு மளிகைக் கடை நடத்திவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரம், நோட்டீசு, கடிதம் எதுவாயினும் கொணர்ந்து அவரிடம் படித்துக் கேட்பது வழக்கம். ஒருநாள் பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருவர் கடன் சீட்டொன்றைக் கொண்டுவந்தார். கணவரை இழந்தவர், கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சளும் கரும்பும் பார்த்து வந்தவர்.

“ஏனுங் பாய், இதுல எத்தன போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங். நானொரு கணக்கு வச்சிருக்கறேன். அவிய வேறொரு கணக்குச் சொல்றாங்க” என்றார்.

அவர் வாங்கியது 5,000 ரூபாய். நூற்றுக்கு மூன்று வட்டி, மாதம் 150, ஆண்டுக்கு 1,800. மஞ்சள் விலை சரிந்ததாலும் கிணறு வற்றியதாலும் ஐந்தாண்டுகள் வட்டி கட்டவில்லை. அவ்வம்மையார் மனத்தில் போட்ட கணக்கு: வட்டி 9,000, அசல் 5,000, ஆக 14,000. சீட்டில் எழுதியிருந்த தொகை 23,263.

“அம்மிணி, வருசா வருசம் புதுச் சீட்டுல கைநாட்டு வச்சீங்களா?” என்று அத்தா கேட்டார்.

“வச்சனுங். பழசக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசு எழுதோணும்னாங்க. வச்சுக் குடுத்தனுங்.”

அத்தா எம்மைப் பார்த்து, “கண்ணு, நீ போட்டுப் பாரு” என்று கணக்கு நோட்டை நீட்டினார். ஆண்டுக்கு நூற்றுக்கு 36. அப்படியானால் ஒவ்வோர் ஆண்டும் கடன் 1.36 மடங்காகும். 5,000 முதலாண்டு முடிவில் 6,800. அதன்மேல் வட்டி ஏறி 9,248. பின்னர் 12,577. பின்னர் 17,105. ஐந்தாம் ஆண்டு 23,263. சீட்டில் எழுத்துப் பிழையும் இல்லை, கணக்குப் பிழையும் இல்லை. அம்மையார் கூட்டிக்கொண்டு வந்தார். சீட்டு அடுக்கிக்கொண்டு வந்தது. 9,263 ரூபாய் வேறுபாடு அங்கேதான் பிறந்தது. கைநாட்டு வைத்த ஒவ்வொரு முறையும் அதுவரை வட்டியாய் இருந்தது அசலாய் மாறி, தானும் வட்டி ஈனத் தொடங்கியது என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை.

ஊர்ப் பெரியவர் இருவரோடு எம் அத்தா கடன் கொடுத்தவரிடம் சென்று பேசினார். நெடிய பேச்சுக்குப் பின் 16,500 என்று முடிவாயிற்று. உழவு மாடு ஒரு சோடியும் கழுத்துச் சங்கிலியும் விலையாயின. நிலம் தப்பியது. ஆனால் எம்மோடு ஒன்பதாம் வகுப்பில் பயின்ற அவ்வம்மையாரின் மகன், முழுத்தேர்வுக்கு முன்பே பள்ளியை விட்டு விசைத்தறிப் பட்டறைக்குச் சென்றுவிட்டார். எம்மைவிடக் கணக்கில் வல்லவர் அவர்.

வட்டி ஏறும் கால இடைவெளி குறையக் குறையச் சுமை கூடும் என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். நூற்றுக்கு 36-ஐ ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றினால் 100 ரூபாய் 136 ஆகும். அரையாண்டுக்கு 18 என்று இருமுறை ஏற்றினால் 139 ரூபாய் 24 காசு. மாதத்துக்கு 3 என்று பன்னிரு முறை ஏற்றினால் 142 ரூபாய் 58 காசு. சொல்லும் வட்டி ஒன்றே, அடுக்கு வேறு. மாதம் 10 என்று ஏற்றுவாராயின் 100 ரூபாய் ஓராண்டில் 313 ரூபாய் 84 காசு ஆகும். கடன் எப்போது இரட்டிக்கும் என்று அறிய ஓர் எளிய வழியுண்டு: 72-ஐ வட்டி விழுக்காட்டால் வகுக்க. மாதம் 3 விழுக்காடு ஏறினால் 24 மாதங்களில் இரட்டிப்பு. 6 விழுக்காடு ஏறினால் 12 மாதங்களில். தோராயமே எனினும், கையெழுத்திடுமுன் மனத்தில் போட்டுப் பார்க்க இது போதும். சேமிப்புக்கும் இதே கணக்குதான். அஞ்சலகத்தில் 1988-இல் அறிமுகமான கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிக்கும் என்று அறிவிக்கப்பெற்றது. அதற்கு ஆண்டு வட்டி 13 விழுக்காட்டைத் தாண்டும் என்பதை இவ்வழியே நாமே கண்டுகொள்ளலாம்.

இரட்டித்து இரட்டித்துப் பெருகும் வட்டியை உண்ணலாகாது என்று திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் விலக்கியிருப்பதை நம் சமுதாயத்துப் பெரியவர்கள் நன்கறிவர். பெருக்கத்தின் மேல் பெருக்கம் என்னும் கருத்தே அவ்விடத்துச் சுட்டப்பெறுகிறது. எம் அத்தா அடுக்கு விதி படித்தவரல்லர். தம் நெறி விலக்கிய பொருள் எத்தகையது என்பதை அன்று எம் கணக்கு நோட்டில் எண்களாகக் கண்டபோது, நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுச் சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. கந்து வட்டி, நாள் வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பெற்றது. கைப்பேசிச் செயலி வழியே கடன் கொடுப்போர்க்கு இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் நெறிமுறைகளை வகுத்தது. கைநாட்டு வைத்த இடத்தில் இன்று விரலால் திரையைத் தொடுகிறோம். சீட்டு மாறினும் கணக்கு மாறவில்லை.

பெருந்துறை கற்பிக்கும் பிற பாடங்கள்

பெருந்துறையில் சானடோரியம் என்று இன்றும் மக்கள் வழங்கும் இடம் ஒன்றுண்டு. காசநோய் மருத்துவமனை இருந்ததால் வந்த பெயர். குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் உகந்த சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமியோ இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனாலேயே அதனைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துக் கண்டறியப் பல வாரங்கள் ஆகும். மெல்லத்தானே வளர்கிறது என்று மருந்தை நடுவில் நிறுத்துவோர் ஏமாறுவர். அடுக்கில் வளரும் எதுவும் தொடக்கத்தில் மெல்லத்தான் தோன்றும். எஞ்சியவை சிலவாயினும் அவை மீண்டும் இரட்டிக்கத் தொடங்கும்.

2020-இல் பெருந்தொற்று பரவியபோது பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனா சிகிச்சைக்குரிய இடமாயிற்று. மூன்று நாளுக்கு ஒருமுறை நோயாளர் தொகை இரட்டிக்குமாயின், ஒருவரில் தொடங்கி முப்பது நாளில் ஆயிரத்தைத் தாண்டும். பத்தாம் நாளில் எண்ணிப் பார்த்தவன் பத்துப்பேர்தானே என்பான். அடுக்கை அறிந்தவன் அந்த நாளிலேயே விழித்துக்கொள்வான்.

இறங்கும் அடுக்கும் எம் ஊர்க்கு அயலன்று. பெருந்துறைச் சிப்காட் வளாகத்தில் சாயம் ஏற்றும் ஆலைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் உள்ளன. கழிவுநீரின் அமிலத்தன்மையைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு அது 7. ஒரு லிட்டரில் ஐதரசன் அயனி 10⁻⁷ மோல் இருக்கிறது என்பதே அதன் பொருள். எதிர் அடுக்கை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்கிறோம். ஆகவே 7 என்பது 5 ஆனால் இரண்டுதானே குறைந்தது என்று அமைதி கொள்ளுதல் ஆகாது. அமிலத்தன்மை நூறு மடங்கு கூடியிருக்கிறது. நொய்யலாற்றில் சாயக்கழிவு கலந்ததன் விளைவாகத் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை நாம் அறிவோம். ஆற்றைக் காக்க வழக்காடும் உழவர்க்கும், ஆய்வறிக்கையில் உள்ள சிற்றெண் ஒன்றின் தோளில் எத்துணைச் சுமை இருக்கிறது என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

நிறைவாக

பெருந்துறைக்குக் கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈரோட்டில்தான் 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாச இராமானுசன் பிறந்தார். 1729 என்பது சுவையற்ற எண் என்று ஆர்டி கூறியபோது, அது இருவேறு வழிகளில் இரு கனங்களின் கூட்டுத்தொகையாக வரும் மிகச் சிறிய எண் என்று நோய்ப் படுக்கையிலிருந்து அவர் விடை கூறினார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினாலும் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் 1729. அடுக்கை அவர் நண்பனாய்க் கொண்டார். அவர் அளவுக்கு இல்லாவிடினும், அறிமுகமானவனாகவேனும் நாம் கொள்ளலாம் அல்லவா?

எண்ணிப் பார்க்கின் ஒன்று புலப்படும். உலகில் அடுக்கில் வளரும் பொருள்கள் அனைத்துக்கும் இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. நுண்ணுயிர்க்கு உணவு தீரும். பயிர்க்கு மண்ணும் நீரும் அளவுபட்டவை. தொற்றுநோயும் பற்றுவதற்கு ஆளின்றி ஒருநாள் தணியும். தாளில் எழுதிய வட்டிக்கு மட்டும் இயற்கையின் எல்லை இல்லை. மாடு இறந்தாலும், மழை பொய்த்தாலும், வாங்கியவரே மறைந்தாலும் அது வளரும். ஆகவே அதற்கு எல்லை கட்டுவது மனிதர் கடமையாயிற்று. நெறிநூல்களும் சட்டங்களும் அதனைச் செய்தன. சொல்லடுக்குக்கு நான்கு என்று எல்லை வகுத்த மொழிக்குரியவர்கள் நாம். கடனடுக்குக்கு எல்லை கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். உங்கள் அம்மாவும் அத்தாவும், அப்பாரும் ஆத்தாவும் கைநாட்டு வைக்கும் இடத்தில் அருகில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். அவர்கள் கூட்டிப் பார்க்கும் கணக்கை நீங்கள் அடுக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலில் ஏறும் என்றும் கேளுங்கள். அவ்வொரு கேள்வியால் ஒரு பிள்ளை பள்ளியில் தொடர்ந்து அமர முடியுமாயின், நீங்கள் கற்ற எண்ணும் எழுத்தும் அன்றே பயன் தந்தனவாகும்.